ஊரில் பதிவு, நகரில் உழைப்பு: சீனாவின் உள்நாட்டுப் புலம்பெயர்வு

1978ஆம் ஆண்டில் சீன மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2023ஆம் ஆண்டில் அந்த விகிதம் 66 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எதை, எங்கே, எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசே தீர்மானித்த திட்டப் பொருளாதாரத்திலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு அந்நாடு மாறிய இந்தக் காலத்தில், வயலை விட்டுத் தொழிற்சாலைக்கும் கட்டுமான வேலைக்கும் உணவகத்துக்கும் வீட்டு வேலைக்கும் சென்றவர்களின் தொகை கோடிக்கணக்கில் பெருகியது. சீன தேசியப் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில், கிராமத்தில் குடும்பப் பதிவை வைத்துக்கொண்டு விவசாயம் அல்லாத வேலை பார்த்தவர்கள் 29.97 கோடிப் பேர். அவர்களுள் சொந்த வட்டாரத்துக்கு வெளியே சென்று பிழைத்தவர்கள் ஏறத்தாழ 17.9 கோடிப் பேர். இவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நகரங்களிலேயே உழைத்தவர்கள். ஆயினும் எந்த நகரத்தின் பதிவேட்டிலும் அவர்களுக்குப் பெயர் இல்லை. சீனாவின் பொருளாதார மாற்றத்தைப் பற்றிய பேச்சில் ஏற்றுமதியும் வளர்ச்சி விகிதமும் பெறும் இடத்தை இந்தப் பதிவேடு பெறுவதில்லை. ஆனால் அந்த வளர்ச்சியின் செலவை யார் சுமந்தார்கள் என்பது இதைக் கொண்டுதான் விளங்கும்.

அப்பதிவு முறைக்கு ‘ஹுகோ’ என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு புத்தகம் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். அப்பக்கத்தில் பிறந்த இடம், பூர்வீக ஊர், கல்வி, திருமண நிலை ஆகியவற்றோடு, அவர் ‘விவசாயப் பதிவு’ உடையவரா, ‘விவசாயம் அல்லாத பதிவு’ உடையவரா என்பதும் அண்மைக்காலம் வரை குறிக்கப்பட்டு வந்தது. இந்த வகைப்பாடு ஒருவர் செய்யும் தொழிலைப் பொறுத்து அமையவில்லை, பிறப்பைப் பொறுத்து அமைந்தது. 1998 வரை குழந்தைக்குத் தாயின் பதிவே வந்தது என்பதால், நகரத்து ஆணை மணந்த கிராமத்துப் பெண்ணின் குழந்தை நகர மருத்துவமனையிலேயே பிறந்தாலும் கிராமத்துக் குழந்தையாகவே பதியப்பட்டது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வறியோர் உதவித்தொகை, அரசு வீடு என ஒரு குடும்பம் அரசிடமிருந்து பெறக்கூடிய ஏறக்குறைய எல்லாமே இந்தப் பக்கத்தைச் சார்ந்தே இருந்தன.

இம்முறை சந்தைக்கு முந்தைய காலத்தில் உருவானது. மக்கள் குடியரசின் 1954ஆம் ஆண்டு அரசியல் சட்டம், விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் இடம் மாறவும் குடிமக்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று கூறியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே அரசு தானியக் கொள்முதலையும் விற்பனையையும் முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது: அரசு வைத்த விலைக்கு விவசாயிகள் நெல்லையும் கோதுமையையும் கொடுக்க வேண்டும், அவை நகரவாசிகளுக்குப் பங்கீட்டில் மலிவாக வழங்கப்படும். மலிவான தானியத்தால் ஆலைக் கூலியைக் குறைவாக வைத்து, மிஞ்சியதைக் கனரகத் தொழில்களில் முதலிடுவது என்ற, சோவியத் நாட்டைப் பின்பற்றிய அந்தக் கணக்கில் பங்கீடு பெறுவோர் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. 1958 ஜனவரியில் இயற்றப்பட்ட குடும்பப் பதிவு ஒழுங்குமுறைகள், நகர வேலைக்கான சான்றோ கல்லூரிச் சேர்க்கைச் சான்றோ நகரப் பதிவு அலுவலகத்தின் அனுமதியோ இல்லாமல் கிராமத்தவர் எவரும் நகரத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள முடியாதபடி செய்தன. 1975இல் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது இடம் மாறும் சுதந்திரம் நீக்கப்பட்டது. இன்றுவரை அது மீண்டும் சேர்க்கப்படவில்லை.

பதிவின் கொடுமை 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சத்தில் வெளிப்பட்டது. நகரங்களில் பங்கீடு குறைந்ததே தவிர நிற்கவில்லை. தானியம் விளைந்த கிராமங்களிலோ கொள்முதல் தொடர்ந்தது, வெளியேறிப் பிழைக்கவும் வழி இல்லை. ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை ஆய்வாளர்கள் மதிப்பிடும் அப்பஞ்சச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை கிராமங்களில் நிகழ்ந்தவை. பஞ்சத்தின் பின்விளைவாக, முன்பு ஆலைகளுக்கு அவசரமாக எடுக்கப்பட்டவர்களுள் சுமார் இரண்டு கோடிப் பேர் ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அடுத்த இருபது ஆண்டுகள் கிராமங்கள் ஏறக்குறைய அசையாமல் கிடந்தன. தானியச் சீட்டு இல்லாதவர் நகரத்து உணவகத்தில் காசு கொடுத்தும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்க முடியாது; போலீசைவிட உறுதியாக மக்களை ஊரில் நிறுத்தி வைத்தது அந்தச் சீட்டுதான்.

1978க்குப் பின், கிராம நிலத்தைக் கூட்டாக நடத்திவந்த கம்யூன்கள் கலைக்கப்பட்டு, நிலம் ஒப்பந்த அடிப்படையில் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, விளைச்சல் உயர்ந்ததோடு, அவ்வளவு நிலத்துக்கு அவ்வளவு ஆட்கள் தேவையில்லை என்பதும் தெரியவந்தது. வளரும் நாடுகளின் விவசாயத்தில், எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாத அளவுக்கு உபரி உழைப்பாளர்கள் இருப்பார்கள் என்றும், அவர்கள் தீரும் வரை தொழில்துறை பிழைப்புக்கு வேண்டியதைவிடச் சற்றே கூடுதலான கூலி கொடுத்து வளர முடியும் என்றும், தீர்ந்தபின்தான் கூலி ஏறத் தொடங்கும் என்றும் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் விளக்கியிருந்தார். அக்கோட்பாட்டுக்குச் சீனா பாடநூல் உதாரணம் என்று சொல்லப்படுவதுண்டு. உபரி உழைப்பைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் கூலி அவ்வளவு காலம் தாழ்ந்திருந்ததற்கு ஆள்பெருக்கம் மட்டும் காரணம் அன்று. உழைப்பைத் திறந்துவிட்டு உரிமையை ஊரிலேயே கட்டிவைத்த அரசுக் கொள்கையும் காரணம்.

திறந்துவிடுதல் படிப்படியாக நடந்தது. முதலில், நிலத்தை விட்டாலும் ஊரை விடாதிருக்க வேண்டும் என்ற நோக்கில், கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஊர்ப்புறத் தொழிற்கூடங்கள் ஊக்குவிக்கப்பட்டன. 1984 அக்டோபரில் மைய அமைச்சரவையான அரசவை வெளியிட்ட அறிவிக்கை, தமக்கு வேண்டிய தானியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் விவசாயிகள் சந்தைச் சிற்றூர்களில் குடியேறலாம் என்றது. மறு ஆண்டில் நகரங்களுக்குத் ‘தற்காலிக வசிப்பு அனுமதி’ என்ற சீட்டு அறிமுகமானது. 1989இல் சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குப் பின் ரயில் நிலையங்கள் திணறும்படி கிராமத்தவர்கள் தெற்கு நோக்கித் திரண்டபோது, மாநில அரசுகள் அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று மைய அரசு அவசர ஆணை பிறப்பித்தது. தடை நிலைக்கவில்லை. 1992இல், சந்தைச் சீர்திருத்தத்தை வலியுறுத்தித் தலைவர் தெங் சியாவோபிங் மேற்கொண்ட தென்பகுதிப் பயணத்துக்குப் பின் அந்நிய முதலீடு பெருகியது. 1993இல் தானியச் சீட்டும் வழக்கொழிந்தது. சிச்சுவான், ஹுனான், ஹெனான், அன்ஹுய் மாநிலங்களிலிருந்து தெற்கே முத்து ஆற்றுக் கழிமுகத்துக்கு இளம்பெண்களும் ஆண்களும் வந்து இறங்கிய வண்ணம் இருந்தனர்.

அவர்களை வரவேற்றது தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே கட்டப்பட்ட விடுதி. அடுக்குக் கட்டில்கள் நெருக்கிப் போடப்பட்ட அறைகளில் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என்று தங்கினர். வேலை நேரம், உணவு, உறக்கம் மூன்றும் நிறுவனத்தின் கையில் இருந்தன. குடும்பத்தோடு வாழ அங்கே இடமே இல்லை. 1993 நவம்பரில் ஷென்ஜென் நகரின் ஜிலி பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, கதவுகள் பூட்டப்பட்டும் சன்னல்களுக்குக் கம்பி அடிக்கப்பட்டும் இருந்ததால் எண்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வெளிமாநிலக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள்.

தொழிலாளர் ஒருவரை உருவாக்கிக் காப்பதற்கு ஆகும் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று சமூகவியலாளர் மைக்கேல் புராவாய் 1976இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களையும் கலிபோர்னியப் பண்ணைகளையும் ஒப்பிட்டு எழுதினார். உழைக்கும் நாளில் அவரை உண்ணவும் உறங்கவும் வைப்பதற்கான செலவு ஒன்று. அடுத்த தலைமுறைத் தொழிலாளரைப் பெற்று வளர்த்துப் படிக்க வைப்பதற்கான செலவு மற்றொன்று. முன்னது வேலை நடக்கும் இடத்திலும், பின்னது அவர் விட்டுவந்த இடத்திலும் நிகழுமாறு சட்டத்தால் பிரித்துவிட்டால், கூலி முன்னதற்குப் போதுமானதாக இருந்தாலே போதும். எல்லை கடந்து வருவோருக்குப் பிற நாடுகள் செய்ததைச் சீனா தன் குடிமக்களுக்கே செய்தது. பதினெட்டு வயது வரை ஒருவரை வளர்த்தது கிராமம். இருபத்தைந்து ஆண்டு அவர் உழைப்பைப் பெற்றது நகரம். கண் மங்கி விரல் தளர்ந்தபின் ஏற்றுக்கொண்டதும் கிராமமே. ஹுகோவைப் பழைய பொதுவுடைமைக் காலத்தின் மிச்சம் என்று சொல்வோர் இதைக் காணத் தவறுகிறார்கள். தானியப் பங்கீடு ஒழிந்த பிறகும் அது ஒழியாததற்குக் காரணம், புதிய பொருளாதாரத்துக்கு அது பழையதைவிடக் கூடுதலாகப் பயன்பட்டது என்பதே.

பயன்பெற்றவர்கள் முதலாளிகள் மட்டும் அல்லர். 1994இல் செய்யப்பட்ட வரிப் பகிர்வுச் சீர்திருத்தம், வரி வருவாயில் பெரும்பங்கை மைய அரசுக்குக் கொண்டுசென்றுவிட்டு, பள்ளி, மருத்துவமனை, சாலை, சமூக நலன் ஆகியவற்றின் செலவை நகர, மாவட்ட அரசுகளின் தலையிலேயே விட்டது. வெளியூர்த் தொழிலாளியின் உழைப்பால் ஆலை வளரும், ஆலையால் நிலத்தின் விலை ஏறும், நிலத்தை ஏலம் விட்டு நகர அரசு சம்பாதிக்கும். அதே தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கொடுத்தாலோ செலவு அதன் கணக்கில் ஏறும். உழைப்பு வேண்டும், குடும்பம் வேண்டாம் என்ற முடிவுக்கு ஒவ்வொரு நகராட்சியும் வந்தது இப்படித்தான். 1990களின் நடுவில் பெய்ஜிங், ஷாங்காய் போன்ற நகரங்கள், வெளியூர்க்காரர்களை எந்தெந்த வேலைகளில் சேர்க்கக் கூடாது என்று பட்டியலே வெளியிட்டன.

வசிப்பு அனுமதிச் சீட்டுகளைச் சோதிக்கும் அதிகாரம் போலீசாரிடம் இருந்தது. பிச்சைக்காரர்களையும் வீடற்றோரையும் பிடித்து ஊருக்கு அனுப்புவதற்காக 1982இல் கொண்டுவரப்பட்ட ‘காவலில் வைத்துத் திருப்பியனுப்பும்’ விதிகள், காலப்போக்கில், அடையாள அட்டையோ வசிப்பு அனுமதியோ வேலைச் சான்றோ கையில் இல்லாத எந்த வெளியூர்க்காரர் மீதும் பாயலாயின. 2003 மார்ச் 17 அன்று இரவு குவாங்சோ நகரில், ஹுபெய் மாநிலத்தைச் சேர்ந்த சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளர், தற்காலிக வசிப்பு அனுமதி இல்லை என்பதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டார். மூன்று நாட்களில், காவலில் வைக்கப்பட்டோருக்கான மருத்துவக்கூடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் கல்லூரியில் படித்தவர், நிறுவனம் ஒன்றில் வேலையில் இருந்தவர். ‘தெற்குப் பெருநகர நாளிதழ்’ ஏப்ரல் இறுதியில் இதை அம்பலப்படுத்தியதும் நாடு முழுவதும் கொந்தளிப்பு எழுந்தது. சட்ட முனைவர்கள் மூவர், இவ்விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவுக்கு மனு அளித்தனர். ஜூன் மாதத்தில் அரசவை விதிகளை நீக்கியது. மனுவின் அரசியல் சட்டக் கேள்விக்குப் பேரவை பதிலளிக்க வேண்டிய நிலை வருமுன்னே அரசவை தானே விதிகளைத் திரும்பப் பெற்றதால், இடம் மாறும் உரிமை பற்றிய தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில், சோங்சிங் பகுதிக் கிராமம் ஒன்றுக்குச் சென்ற பிரதமர் வென் ஜியாபாவோவிடம், கட்டுமான வேலை செய்த தன் கணவருக்கு 2,240 யுவான் கூலி பாக்கி நிற்கிறது என்று ஒரு விவசாயப் பெண் முறையிட்டார். அன்றிரவே பணம் வந்து சேர்ந்தது. கட்டுமானத் தொழிலில் மேஸ்திரிகள் மாதந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஏதோ கொடுத்து, மொத்தக் கூலியை வசந்த விழாவுக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை தீர்ப்பது வழக்கமாக இருந்ததால், மேலிருந்து பணம் வராவிட்டால் ஓராண்டு உழைப்பே போய்விடும். அந்நிகழ்ச்சிக்குப் பின் கூலி பாக்கியை வசூலிக்கும் இயக்கம் நாடு முழுவதும் நடந்தது. வேண்டுமென்றே கூலி கொடுக்காமல் இருப்பது 2011இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர் கூலிக்கெனத் தனி விதிகள் 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. பிரதமரே வந்து கேட்க வேண்டியிருந்த ஒன்றுக்குத் தனி விதிகள் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. இடையில், 2006இல் விவசாய வரி ஒழிந்தது. 2008இல் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. இவற்றுக்குப் பின்னால் அரசின் இரக்கத்தோடு வேறொன்றும் இருந்தது: 2004 முதல் முத்து ஆற்றுக் கழிமுகத்தில் ஆள் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. 2010 மே மாதத்தில் நான்ஹாய் ஹோண்டா உதிரிபாக ஆலையின் இளந்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கணிசமான கூலி உயர்வைப் பெற்றபோது, லூயிஸ் சொன்ன திருப்புமுனை வந்துவிட்டதா என்று பொருளியலாளர்கள் விவாதித்துக் கொண்டிருந்தனர்.

கூலி உயர்ந்தது; குடும்பம் சேரவில்லை. இந்த மாற்றத்தின் ஆழமான காயம் குழந்தைகள் மீது விழுந்தது. ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியைத் தொழிலாளர் வந்து சேர்ந்த இடத்து அரசே, முதன்மையாக அரசுப் பள்ளிகளிலேயே வழங்க வேண்டும் என்று 2001இல் மைய அரசு அறிவித்தது. நகரங்கள் அதை மறுக்கவில்லை, சான்றிதழ் கேட்டன. பெய்ஜிங்கில் வெளியூர்க் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க ஐந்து சான்றுகள் வேண்டியிருந்தன: பெற்றோரின் வசிப்பு அனுமதி, வேலைச் சான்று, வீட்டு முகவரிச் சான்று, முழுக் குடும்பப் பதிவுப் புத்தகம், இவற்றோடு, சொந்த ஊரில் அக்குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவ்வூர் அரசு அலுவலகம் தரும் சான்று. ஒப்பந்தம் எழுதித் தராத மேஸ்திரியிடமும், வாடகைக்கு ரசீது தராத வீட்டுக்காரரிடமும் சான்று பெறுவது எப்படி? ஐந்தாவது சான்றுக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊருக்குப் போய், தாத்தாவும் பாட்டியும் உயிரோடிருக்கும் வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று எழுதி வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள், நகர விளிம்பில் தகரக் கூரையின் கீழ் தனியார் நடத்திய, அங்கீகாரம் இல்லாத பள்ளிகளை நாடினர். அவற்றுள் பலவற்றைப் பாதுகாப்புக் குறைபாட்டைக் காட்டி நகர அரசுகள் மூடின.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தவர்களுக்கும் அடுத்த சுவர் காத்திருந்தது. ‘காவ்காவ்’ எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பதிவு உள்ள மாநிலத்திலேயே எழுத வேண்டும் என்பது நெடுங்கால விதி. பாடத்திட்டமும் வினாத்தாளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. பெரும் பல்கலைக்கழகங்களின் இடங்களும் மாநில வாரியாகப் பங்கிடப்பட்டதால், பெய்ஜிங் பதிவுள்ள மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஹெனான் மாணவருக்கு இல்லை. பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தான் அறியாத ஊருக்குப் பதினைந்து வயதில் தனியே திரும்பிப் போய், வேறு பாடநூலைப் புதிதாகப் படிக்க வேண்டும். 2012க்குப் பின் பல மாநிலங்கள் இவ்விதியைத் தளர்த்தின. கூட்டம் மிகுந்த பெய்ஜிங்கும் ஷாங்காயும்தான் மிகக் குறைவாகத் தளர்த்தின.

எனவே பெரும்பாலோர் குழந்தைகளை முதலிலிருந்தே ஊரில் விட்டுச் சென்றனர். பெற்றோரில் ஒருவரேனும் வெளியூரில் இருக்க, கிராமத்தில் விடப்பட்ட 18 வயதுக்குட்பட்டோர் 6.1 கோடிப் பேர் என்று அனைத்துச் சீன மாதர் கூட்டமைப்பு 2013இல் மதிப்பிட்டது. 2016இல் அரசு வெளியிட்ட கணக்கில் அது 90 லட்சமாகக் குறைந்திருந்தது. பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்கும், அல்லது ஒருவர் வெளியேற மற்றவர் கவனிக்க இயலாத நிலையில் இருக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே அப்போது எண்ணியதே இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். 2015 ஜூனில் குய்சோ மாநிலத்தின் பிஜியே பகுதியில் தனியே விடப்பட்டிருந்த உடன்பிறப்புகள் நால்வர் பூச்சிமருந்து குடித்து இறந்த செய்தி வந்த பிறகுதான் அரசவை இக்குழந்தைகளின் பராமரிப்புக்கெனத் தனி வழிகாட்டுதல் வகுத்தது. பெற்றோரின் கடமையை வலியுறுத்தும் அவ்வழிகாட்டுதல் நல்ல நோக்கமுடையது. ஆனால் பெற்றோரைப் பிரித்தது அவர்களின் அலட்சியம் அன்று; பள்ளி வாசலில் கேட்கப்பட்ட சான்றுகள்.

2014இல் சீர்திருத்தம் பெரிய அளவில் அறிவிக்கப்பட்டது. விவசாயப் பதிவு, விவசாயம் அல்லாத பதிவு என்ற பிரிவினையை நீக்கி எல்லாரையும் ‘வசிப்போர்’ என்றே பதிவது என்றும், 2020க்குள் பத்துக் கோடிப் பேருக்கு நகரப் பதிவு வழங்குவது என்றும் அரசு முடிவு செய்தது. அந்த இலக்கு எட்டப்பட்டதாகவும் பின்னர் அறிவித்தது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பிறப்பால் முத்திரை குத்தும் ஐம்பது ஆண்டு வழக்கம் ஏட்டளவிலாவது முடிந்தது. ஆயினும் கதவு திறந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் தடையில்லை. மக்கள்தொகை ஏற ஏற நிபந்தனை இறுகும். மிகப் பெரும் நகரங்களில் கடுமையான கட்டுப்பாடு. 2019இல் முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள நகரங்களில் கட்டுப்பாடுகளை நீக்கச் சொன்னார்கள். வேலை குறைவாக உள்ள ஊரில் பதிவு எளிது. வேலை குவிந்திருக்கும் ஊரில் அரிது. பெய்ஜிங்கில் 2018இல் முதன்முறையாக நடந்த புள்ளி முறைத் தேர்வில் 1.24 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பிக்க, சுமார் 6,000 பேருக்குப் பதிவு கிடைத்தது. முனைவர் பட்டத்துக்கு 37 புள்ளி, இளநிலைப் பட்டத்துக்கு 15 புள்ளி என்று கணக்கிடும் அம்முறையில், அந்நகரத்தின் கட்டடங்களைக் கட்டியவருக்கு எத்தனை புள்ளி சேரும் என்று கேட்கவே வேண்டாம்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில், 2017 நவம்பர் 18 அன்று, பெய்ஜிங்கின் தாசிங் பகுதியில் வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து 19 பேர் இறந்தனர். தொடர்ந்து வந்த பாதுகாப்புச் சோதனையில், உறைபனிக் காலத்தில், சில நாள் அல்லது சில மணி நேர அவகாசத்தில் பெருந்தொகையானோர் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பொட்டலம் கொண்டுவரும் இளைஞரும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் திடீரெனக் காணாமல் போனபோதுதான், யாருடைய உழைப்பில் தம் அன்றாடம் நடக்கிறது என்பதை நகரவாசிகளில் பலர் உணர்ந்தனர். பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் வெளிப்படையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினர். நகர மக்கள்தொகை 2.3 கோடியைத் தாண்டக் கூடாது என்று அப்போதே இலக்கு வைக்கப்பட்டிருந்தது.

2023இல் நகரங்களில் வசிப்போர் 66 விழுக்காடு, நகரப் பதிவு உடையோர் 48 விழுக்காடு. இடைவெளியில் நிற்போர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். இவர்கள் எல்லாரும் நகரப் பதிவுக்காகக் காத்துக் கிடப்பதாக எண்ணுவது தவறு. கிராமப் பதிவுள்ள குடும்பத்துக்கு ஒப்பந்த நிலமும் வீட்டு மனையும் உண்டு. முழுக் குடும்பமும் பெருநகரத்துக்குப் பதிவை மாற்றினால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முன்பு சட்டமே இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டு, நிலத்தை விடுவதைப் பதிவுக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றானது. என்றாலும் விவசாயிகளின் தயக்கம் நீங்கவில்லை. வேலை போனால் போய் நிற்க ஓர் இடம் நிலம் மட்டுமே என்பதை அவர்கள் 2008 உலக நெருக்கடியில், ஏற்றுமதி ஆலைகள் மூடப்பட்டு ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வேலையிழந்து ஊர் திரும்பியபோதே கண்டுகொண்டவர்கள். அந்தக் காப்பைக் கைவிடச் சொல்லும் முன் அதற்கு ஈடானதை நகரம் தர வேண்டும். சிறு நகரத்துப் பதிவு அதைத் தருவதில்லை.

இப்போது இந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. புலம்பெயர் தொழிலாளர்களின் சராசரி வயது 2023இல் 43.1, ஐம்பதைக் கடந்தவர்கள் 30.6 விழுக்காடு. 1990களில் இளவயதில் தெற்கே போனவர்கள் பலர் இவர்களுள் உண்டு. நகர ஊழியர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 ஆண்டுகள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். 2030 முதல் அது படிப்படியாக 20 ஆண்டாக உயரப்போகிறது. ஊர் மாறி, ஆலை மாறி உழைத்தவர்களுக்கு இது கைகூடுவதில்லை. மேலும், 2010க்கு முன் ஒரு நகரத்தில் கட்டிய சந்தாவை இன்னொரு நகரத்துக்கு மாற்ற ஏறக்குறைய வழியே இல்லாததால், ஆண்டு முடிவில் ஊர் திரும்பும் தொழிலாளர்கள் குவாங்டோங் மாநிலக் காப்பீட்டு அலுவலகங்களில் நீண்ட வரிசையில் நின்று காப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டார்கள். தாங்கள் கட்டிய பங்கு மட்டும் கையில் கிடைத்தது. அவர்கள் பெயரில் நிறுவனம் கட்டிய பெரும்பங்கு அந்நகரத்தின் நிதியிலேயே தங்கிவிட்டது. 2010 ஜனவரி முதல் மாற்றிக்கொள்ள அனுமதி வந்தது. அப்போதும் நிறுவனப் பங்கில் ஒரு பகுதி மட்டுமே தொழிலாளியோடு போனது.

நகர ஓய்வூதியம் கிடைக்காதவர்களுக்கு ஊர்ப்புறத்தாருக்கான ஓய்வூதியம் உண்டு; அதன் அடிப்படைத் தொகை 2024இல் மாதம் 123 யுவான். புலம்பெயர் தொழிலாளியின் சராசரி மாத வருமானம் ஏறக்குறைய 5,000 யுவான் என்பதோடு ஒப்பிட்டால் அது எத்தனை சிறிது என்பது விளங்கும். அதனால் அறுபது வயதிலும் சாரம் ஏறுகிறார்கள். விபத்துகளைக் குறைக்கும் நோக்கில் ஷாங்காய் 2019இல், அறுபதைக் கடந்த ஆண்களையும் ஐம்பதைக் கடந்த பெண்களையும் கட்டுமான வேலைக்கு எடுக்கக் கூடாது என்று விதித்தது. வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. நோக்கம் நியாயமானதே, ஆனால் பெரிய நிறுவனங்களின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், காப்பீடு இல்லாத சில்லறைக் கட்டட வேலைகளில் அதைவிட ஆபத்தான சாரங்களில்தான் ஏறுகிறார்கள். இவர்களின் முதுமைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பெய்ஜிங்கில் நிதி நெருக்கடியாகவே விவாதிக்கப்படுகிறது. குவாங்டோங் போன்ற கடற்கரை மாநிலங்களின் ஓய்வூதிய நிதியில் மிகுதி சேர்ந்திருப்பதும், தொழிலாளர்களை அனுப்பிய, இன்று முதியோர் நிறைந்த மாநிலங்களின் நிதி வற்றியிருப்பதும் எல்லாரும் அறிந்தவை. அம்மிகுதியில் விலகிச் சென்ற தொழிலாளர்களின் பெயரில் நிறுவனங்கள் கட்டி நகரத்திலேயே தங்கிப்போன பங்கும் அடங்கும். மாநிலங்களுக்கு இடையே நிதியைச் சமன்செய்யும்போது முதலில் அப்பங்கைக் கணக்கிட்டு, அதற்குரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களின் ஓய்வூதியத்தில் சேர்க்க வேண்டும்.